டிவி வாங்கும்போது எத்தனை இன்ச், எந்த பிராண்ட் என்று எப்படி முடிவு செய்வது?

டிவியின் ‘இன்ச்’ என்பது அகலம் அல்ல, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள நீளம். கைக்குட்டையைக் குறுக்காக மடித்தால் விழுகிற கோடு மாதிரி. 55 இன்ச் டிவியின் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம்தான் இருக்கும். ஆனால் 43 இன்சிலிருந்து 55-க்குப் போனால் திரையின் பரப்பு 60 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும்.

உட்காரும் தூரம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 4கே என்ற திரை வகையில், அதற்கு முந்தைய வகையான முழு எச்டியைவிட 4 மடங்கு புள்ளிகள் இருப்பதால், கொஞ்சம் கிட்டே உட்கார்ந்தாலும் அவை தனித்தனியாகத் தெரியாது. ரொம்பத் தள்ளி உட்கார்ந்தால் அந்த நுணுக்கம் வீண். செய்தித்தாளை அறையின் மறுகோடியில் வைத்துப் படிக்கிற கதைதான். 4கே டிவிக்கு, தூரத்தை இன்சில் அளந்து 1.5-ஆல் வகுங்கள். 8 அடி என்றால் 96 இன்ச், வகுத்தால் 64. ஆகவே 65 இன்ச் பொருந்தும். வாங்குவதற்கு முன் அந்த டிவித் திரையின் அகல உயரத்துக்குச் சுவரில் காகிதம் ஒட்டிப் பாருங்கள், நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்.

அப்புறம் பிராண்ட். படம் தெரிகிற திரைப் பலகையைத் (பேனல்) தயாரிப்பவை சில நிறுவனங்கள்தான். சோனியே ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) பலகைகளை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அதனால் பெயரைவிட அந்த மாடலின் வெளிச்சம், மென்பொருள் அப்டேட், பக்கத்தில் சர்வீஸ் கிடைக்குமா என்பதைப் பாருங்கள்.

பெரிய டிவியைக் கிட்டத்தில் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பார்கள். கண் சோர்வடையலாம், ஆனால் பார்வை அதனால் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவதில்லை.