றேடியேற்றர் புதிது, தண்ணீர் எங்கே போகிறது?

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டவுன்ஏஸ் டீசல் வானில் கிளிநொச்சிக்கு ஹயர் ஓடுகிறார். பழைய றேடியேற்றர் வெடித்து, புதிது போட்டு மூன்று கிழமை ஆகிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கிறதாம், நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை, சூட்டு முள்ளும் ஏறவில்லை. றேடியேற்றரைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள் தம்பி. புது றேடியேற்றர் போட்டவுடன் தண்ணீர் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எஞ்சினுக்குள்ளும் ஹீற்றர் குழாய்களுக்குள்ளும் அகப்பட்ட காற்று முதல் மூன்று, நாலு ஓட்டத்தில் வெளியே வர, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது பிறகு நின்றுவிடும். மூன்று கிழமை கழித்தும் அதே கணக்கில் குறைகிறது என்றால் அது காற்று இல்லை, தண்ணீர் எங்கேயோ போகிறது.

முதலில் மூடியைப் பாருங்கள். பழைய மூடியையே புது றேடியேற்றருக்குப் போட்டு அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும், அதுதான் அது தாங்கிப் பிடிக்கும் அழுத்தம். 0.9 மூடி சரியாக இறுகினால் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காது. ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது, தண்ணீர் ஓட்டத்திலேயே வெளியேறிவிடும், வீட்டு முற்றத்தில் சொட்டு எப்படி விழும்? இன்னொன்று, சூட்டில் பக்கப் போத்தலுக்குப் போன தண்ணீர் எஞ்சின் ஆறியதும் றேடியேற்றருக்குத் திரும்பி வர வேண்டும். காலையில் போத்தல் நிறைந்து றேடியேற்றர் குறைந்து கிடந்தால், மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வோ போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயோதான் பிழை. புது மூடிக்கு ஆகும் செலவு றேடியேற்றரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

மூடி நல்லதென்றால் ஹோஸ்கள். சூட்டில் இறுகிப்போன பழைய ஹோஸை இழுத்துக் கழற்றித் திரும்பப் போட்டால் முன்போல அது உட்காராது. கிளிப், குழாய் விளிம்பில் இருக்கும் மேட்டுக்கு உள்பக்கமாக இறுக வேண்டும், மேட்டின் மேலேயே இறுக்கியிருந்தால் சூட்டில் மட்டும் கசியும், கசிந்தது எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும். எஞ்சின் சீற்றுக்குக் கீழேதான், சீற்றைத் தூக்கி ரோச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் முனையிலோ வோட்டர் பம்புக்குக் கீழேயோ, விபூதிக் குறி மாதிரி வெள்ளையாகவோ கூலன்ற் நிறத்திலோ ஒரு கோடு இறங்கியிருந்தால் கசிவு அதற்கு மேலேதான். ஹீற்றரையும் மறக்க வேண்டாம். வன்னி வெயிலில் அதை யார் போடுகிறார்கள், ஆனால் தண்ணீர் அதற்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; டாஷ்போர்டுக்குக் கீழே கார்ப்பெற் ஈரமாக இருக்கிறதா, வானுக்குள் இனிப்பு மணம் வருகிறதா என்று கவனியுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், அழுத்தம் பார்க்கும் கைப்பம்ப் வைத்திருக்கிற கராஜுக்குப் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியில் உள்ள எண் அளவுக்கு ஏற்றி ஒரு கால் மணித்தியாலம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு, அந்த நேரத்தில் தேடினால் இடமும் பிடிபடும்.

இனி எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிற விஷயம். பழைய றேடியேற்றர் ஏன் வெடித்தது என்று கராஜில் யாராவது கேட்டார்களா? டவுன்ஏஸில் வரும் 2சி, 3சி டீசல் எஞ்சின்களின் ஹெட், அதாவது எஞ்சினின் மேல் பாகம், ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே வெடிப்பு விடக்கூடியது. ஹெட் வெடித்தாலோ அதற்குக் கீழே இருக்கும் கஸ்கெற் போனாலோ, எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்து அழுத்தம் ஏற்றும், அந்த அழுத்தமே றேடியேற்றரை உடைக்கும். இதைப் பார்க்காமல் நானே ஒரு வானுக்கு இரண்டு றேடியேற்றர் மாற்றியிருக்கிறேன், அந்த மனுசனின் காசு வீணாய்ப் போனது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

பார்க்கும் வழி லேசு. விடியக்காலை, எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்ராற் பண்ணி, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைக் கையால் நசுக்குங்கள். தண்ணீர் சூடாகும் முன்னமே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் உள்ளே வாயு வருகிறது. இன்னொரு காலையில் குளிரிலேயே மூடியைக் கழற்றி, விளிம்புவரை தண்ணீர் விட்டு ஓடவிடுங்கள். அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வந்து நிற்பது காற்று. அக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கக் குமிழி கூடினால் ஹெட் வேலைதான். சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதும், எண்ணெய் பால்தேத்தண்ணி நிறமாவதும் அதே கதை.

முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிற்பாட்டும்போது சீற்றைத் தூக்கி மணம் பாருங்கள், மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஓட்டை அடைக்கிற பவுடர் எதையும் ஊற்றவும் வேண்டாம், அது புது றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். கேத்தல் அடியில் படிகிற அதே வெள்ளை எஞ்சினுக்குள்ளும் படியும். கூலன்றும் பற்றறித் தண்ணீரும் பாதிக்குப் பாதி விடுங்கள், நிறம் இருப்பதால் கசிவும் லேசாகத் தெரியும்.

நாளைக்குக் காலையில் ஹோஸை நசுக்கிப் பாருங்கள். இறுகியிருந்தால் அன்றைக்கு ஹயர் போகாமல், நேரே ஹெட் பார்க்கிற ஆளிடம் கொண்டுபோங்கள்.