சொகோத்ரி மொழியில் மகனை எப்படிச் சொல்வார்கள்? அரபியின் 'இப்ன்' தானா?

இல்லை. யேமனைச் சேர்ந்த சொகோத்ரா தீவில் பேசப்படும் சொகோத்ரி, அரபிக்கு உறவுமொழிதான். ஆனால் அதன் கிளைமொழி அல்ல. மெஹ்ரி, ஜிப்பாலி போன்றவற்றோடு சேர்த்து 'நவீன தென்னரேபிய மொழிகள்' என்ற தனிக் குழுவில் வைப்பார்கள்.

மகனுக்கு அடிப்படைச் சொல் 'பர்' ('பலூன்' என்பதில் வரும் ப). உயிரொலி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இங்கேதான் சுவாரசியம். அரபியில் 'இப்ன்', எபிரேயத்தில் 'பென்', இரண்டிலும் 'ன்' இருக்கிறது. தென்னரேபிய மொழிகளில் 'ர்' வருகிறது. எங்கோ வடக்கே இருக்கும் அரமேயத்திலும் (அரபி, எபிரேயத்துக்கு உறவான ஒரு பழைய மொழி) அதே 'பர்' தான். யூதர்களின் 'பர் மிட்ஸ்வா' சடங்கின் பெயரில் இருப்பது அந்த அரமேயச் சொல். ஆனால் பன்மைக்குப் போனால் அரமேயத்தில் 'ன்' திரும்பி வந்துவிடும். மெஹ்ரியிலும் அப்படியே: ஒருமை 'பெர்', பன்மை 'ஹபூன்'. ஆக, 'ன்' வருவதும் 'ர்' வருவதும் ஒரே பழைய சொல்லின் வடிவங்கள் என்பதே பொதுவான கருத்து.

'பர்' உறவைச் சொல்வது, இன்னாரின் மகன் என்று. வெறுமனே பையன் என்றால் 'முக்ஷெம்', பெண்பிள்ளை என்றால் 'ஃபெர்ஹெம்'. இவை இரண்டும் அரபி தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடாது.

அப்புறம், 'பர்' என்றதும் நம்ம 'பெறு', 'பிற' என்று முடிச்சுப் போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஓரெழுத்து ஒற்றுமைகளை எந்த இரண்டு மொழிக்கு நடுவிலும் எடுத்துக் காட்டலாம்.