கேமரா கேள்வி-பதில்: பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: கேனன் 1500டி வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55 லென்ஸில் வீட்டுக்குள் எடுத்தால் படம் ஆடிப்போகிறது. எல்லாரும் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள். பிள்ளைகள், வீட்டு விசேஷம், கோயில், எப்போதாவது ஏற்காடு, இவ்வளவுதான் என் தேவை. கையில் பன்னிரண்டாயிரம் இருக்கிறது. ஒரே லென்ஸ் என்றால் எதை வாங்குவது?
– ஓமலூர் வாசகர்

பதில்: 50-ஐச் சிபாரிசு செய்தவர்கள் வெளிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதான். உங்கள் 18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரு டியூப்லைட் எரியும் ஹாலில் 1/60 நொடிக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு எண்) 6400 தேவைப்பட்ட இடத்தில் 640 போதும்.

ஆனால் உங்கள் ஹால் எவ்வளவு அகலம் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. 1500டி-யின் சென்சார் சிறியது, 22.3 மி.மீ. அகலம். அதில் 50 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. காட்டும் அளவையே காட்டும். நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க, கேமராவை நெட்டையாகப் பிடித்தாலும் பதினான்கு அடி பின்னால் போக வேண்டும். பத்தடி அறையில் சுவர்தான் முதுகில் இடிக்கும். பத்தடி தூரத்திலிருந்து படுக்கை வாக்கில் எடுத்தால் சட்டத்துக்குள் வருவது நாலரை அடி அகலம். பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்பவர்களில் மூன்று பேர் அடங்கினால் அதிகம். அதே இடத்திலிருந்து 24 மி.மீ. ஒன்பது அடியையும் 18 மி.மீ. பன்னிரண்டு அடியையும் உள்ளே கொண்டுவரும்.

காசு கொடுக்கும் முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். உங்கள் 18-55-இன் ஜூம் வளையத்தில் செல்லோ டேப் ஒட்டி இரண்டு நாள் 24-இலும், இரண்டு நாள் 35-இலும், இரண்டு நாள் 50-இலும் பூட்டி வையுங்கள். எந்த எண்ணில் டேப்பைப் பிய்க்கத் தோன்றவில்லையோ அதுதான் உங்கள் எண். கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் திறந்து விவரம் பார்த்தாலும் எந்த எண்ணில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

சின்ன சென்சார் கேமராக்களில் அன்றாடத்துக்குப் பொருந்துவது பெரும்பாலும் 24-க்கும் 35-க்கும் நடுவே வரும். நிக்கான்காரர்களுக்கு இதில் கவலை இல்லை: டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி என்று 2009-இலேயே ஒன்று வந்துவிட்டது, 200 கிராம் எடை, விலையும் அடக்கம். கேனனில் அந்த நாற்காலி காலி. கேனனின் 35 எஃப் 2 ஐஎஸ் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் அழகான பொருள், 125 கிராம், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 24-இல் உங்கள் 18-55-உம் ஏறக்குறைய எஃப் 4 திறக்கும். ஆக வெளிச்சத்தில் லாபம் இரண்டே மடங்கு. தவிர, அந்த லென்ஸில் ஆட்டம் தடுக்கும் ஐஎஸ் கிடையாது. இரண்டு மடங்குக்காக மட்டும் ஐஎஸ்ஸை விடச் சொல்ல மனம் வரவில்லை.

எனவே எங்கள் ஓட்டு, பழையதாக ஒரு டாம்ரான் 17-50 எஃப் 2.8. ஆட்டத்தடுப்பு இல்லாத முதல் வகையைப் பாருங்கள், 67 மி.மீ. ஃபில்டர் போடுவது. விசி (ஆட்டத்தடுப்பு) என்ற எழுத்துள்ள அடுத்த வகை 72 மி.மீ. ஃபில்டர் போடும், எடையும் விலையும் கூடுதல், படத்தின் கூர்மை கூடுதல் இல்லை. முழு நீளத்துக்கும் எஃப் 2.8 நிற்பதால் 50-இல் உங்கள் பழைய லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் தூணையும் குதிரைச் சிற்பத்தையும் சேர்த்துப் பிடிக்க 17 இருக்கிறது. பிள்ளை முகத்துக்கு 50 இருக்கிறது. குறை ஒன்று: ஃபோகஸ் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும், வீடியோவில் அது பதிவாகும். வீடியோதான் முக்கியம் என்றால் இதை வாங்காதீர்கள்.

ஐஎஸ் இருந்தாலும் உங்கள் கை ஆடுவதைத்தான் அது தடுக்கும், ஓடும் பிள்ளையை நிறுத்தாது. உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 1/125, ஓடும் குழந்தைக்கு 1/250 குறைந்தபட்சம். இதற்கு மோட் டயலை Tv என்ற எழுத்துக்குத் திருப்பி, ஷட்டர் வேகத்தை நீங்களே வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள்.

கேள்வி: நான் 50 எஃப் 1.8 வாங்கியாயிற்று! மணமக்களை எடுத்தால் ஒருவர் பளிச்சென்றும் மற்றவர் மங்கலாகவும் வருகிறார். லென்ஸில் பழுதா?
– ஆத்தூர் வாசகர்

பதில்: லென்ஸ் நன்றாக இருக்கிறது. எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 11 செ.மீ. ஆழம்தான் கூர்மையாக வரும். ஒரு மீட்டரில் அது மூன்று செ.மீ.கூட இல்லை, கண் இமையில் ஃபோகஸ் பிடித்தால் காது மங்கும். மணமகன் ஒரு சாண் பின்னால் நின்றால் அவர் கதி அதுதான். இருவருக்கு எஃப் 4, இரண்டு வரிசை நின்றால் எஃப் 5.6 அல்லது 8 வைத்து, ஃபோகஸை முன்வரிசை முகத்தில் பிடியுங்கள். பெருமைக்காக எப்போதும் 1.8-இலேயே எடுப்பது நிறையப் பேருக்கு வந்திருக்கும் வியாதி.

ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் மாலையையோ நெற்றிச்சுட்டியையோ பிடித்துக்கொள்ளும். ஒரே புள்ளிக்கு மாற்றி, அதைக் கண்மேல் நகர்த்தி வையுங்கள். நடுப்புள்ளியில் பிடித்துவிட்டுக் கேமராவைத் திருப்பினால், 1.8-இல் அந்தத் திருப்பத்திலேயே கூர்மை நழுவும்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கும்போது கடையில் எதைப் பார்க்க வேண்டும்?
– சூரமங்கலம் வாசகி

பதில்: மொபைல் டார்ச், உங்கள் கேமரா, மெமரி கார்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இரண்டு மூடியையும் கழற்றி, துவாரம் முழுக்கத் திறந்த நிலையில், பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். கண்ணாடி முழுக்கப் பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்திருந்தாலும் அப்படியே. நாலைந்து தூசி, முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஆகியவற்றுக்காகப் பயப்பட வேண்டாம், படத்தில் தெரியாது. விலையைக் குறைத்துப் பேச உதவும். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பிறகு கேமராவில் மாட்டுங்கள். எஃப் 8 வைத்துப் பத்துப் படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் அதிக வெளிச்சமாக வந்தால் துவார இதழ்கள் ஒட்டுகின்றன, எண்ணெய் இறங்கியிருக்கும். ஜூமை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். கேனனில் நடுவழியில் எர்ரர் 01 வந்தால் முதலில் பின்பக்கத் தங்கநிறப் புள்ளிகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அப்புறமும் குறிப்பிட்ட ஒரு ஜூம் நிலையில் மட்டும் வந்தால் உள்ளே நாடா வயர் விட்டுப்போயிருக்கும் என்று கொள்ளலாம்.

கடைசியாகக் கடைக்கு எதிரே உள்ள ஒரு தட்டையான சுவரையோ மூடிய ஷட்டரையோ நேர் எதிரே நின்று, எஃப் 2.8-இல் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையும் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி கொஞ்சம் மென்மையாக இருந்தால் இயல்பு. இடது மூலைகள் கூர்மையாகவும் வலது மூலைகள் குழைந்தும் இருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது. வெளியே கீறலே இல்லாவிட்டாலும் நம்பாதீர்கள்.

சிக்மா 17-50 கிடைத்து அதைக் கேனனில் போடுவதாக இருந்தால், கேமரா மெனுவில் லென்ஸ் குறை திருத்தங்களை அணைத்துவிடுங்கள். சில கேனன் மாடல்களில் அது இருந்தால் படத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழும். வாங்கும் அன்று பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நிக்கான் டி5600-க்கு 50 எஃப் 1.8டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மேட்டூர் வாசகர்

பதில்: வேண்டாம். டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸுக்குள்ளும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். மலிவுக்குக் காரணமே அதுதான். முன்பே வாங்கிவிட்டவர்கள் துவார வளையத்தை 22-இல் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கேமரா எஃப்இஇ என்று காட்டி நின்றுவிடும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைப் பாருங்கள். ஏஎஃப்-பி என்றிருந்தால் டி5600-இல் ஓடும், டி3100, டி90 போன்ற பழையவற்றில் ஃபோகஸ் ஆகாது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பப் படம் எடுக்கிறோம். 1500டி, 18-55 இருக்கிறது. கிட்டத்தில் எடுக்க 50 வாங்கலாமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: காசை வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் எடுக்கக் கேனன் 50 எஃப் 1.8-ஐவிட உங்கள் 18-55 மேல். 55-இல் வைத்து எவ்வளவு நெருங்க முடியுமோ நெருங்கினால், ஆறரை செ.மீ. அகலம் சட்டம் முழுக்க நிறையும். கொலுசின் ஒவ்வொரு சலங்கையும் அதன் பற்றவைப்பும் தெரியும். 50-இல் எவ்வளவு நெருங்கினாலும் சட்டத்தின் அகலம் பத்தரை செ.மீ.க்குக் கீழே போகாது.

பொருளிலிருந்து சென்சார் வரை 25 செ.மீ. தூரம் என்பதால், லென்ஸின் நிழல் பொருள்மேல் விழாதபடி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். வெள்ளி கண்ணாடி மாதிரி. எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். சட்டை நிறம்கூட அதில் விழும், அதனால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுப்பது வேடிக்கையல்ல. ஜன்னல் வெளிச்சத்துக்கும் கொலுசுக்கும் இடையே ஒரு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள், எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை. முழுக்க வெள்ளையாக இருந்தால் கொலுசு ஈயம் மாதிரி சப்பையாகிவிடும். விளிம்பு எடுப்பாகத் தெரிய ஓர் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்பு அட்டை வையுங்கள். ட்ரைபாட், எஃப் 11, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர், ட்ரைபாடில் ஐஎஸ் அணைத்து. எஃப் 22 போனால் ஆழம் கூடும், ஆனால் சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தக் கூர்மையும் இறங்கும். கடையின் எல்இடியையும் ஜன்னலையும் கலக்காதீர்கள், பாதிக் கொலுசு மஞ்சள், பாதி நீலம் என்று வரும்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு. இரண்டு லென்ஸ் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அரிசிக்குள் வைத்தால் தடுக்குமா?
– ஏற்காடு வாசகி

பதில்: அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, அதன் மாவு லென்ஸ் வளையத்துக்குள் போவதுதான் மிச்சம். 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வருகிற ஊர் உங்களுடையது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். 40-லிருந்து 50-க்குள் வைப்பது நல்லது.

ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பத்து லிட்டர் டப்பா ஒன்று, 100 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. ஜெல் நிறம் மாறும் வகையாக வாங்குங்கள்: ஆரஞ்சு பச்சையானாலோ, நீலம் ரோஸ் ஆனாலோ ஈரம் குடித்துவிட்டது. 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். தோல் உறையில் லென்ஸை வைக்காதீர்கள், தோலே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த லென்ஸை நல்லதோடு ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். முன் கண்ணாடிக்கு வெளியே இருப்பதை லென்ஸ் திரவத்தால் துடைக்கலாம். உள்ளே போனதை மெக்கானிக்தான் பிரிக்க வேண்டும். ரொம்ப நாள் விட்டால் பூஞ்சை போனாலும் அதன் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் போகாது.

சேலத்திலிருந்து ஏசி காரில் ஏறுகிறவர்களுக்கு: இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏசியிலேயே கடந்து, லேடீஸ் சீட் காட்சிமுனையில் இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஈரம் பூத்துவிடும். கடைசிச் சில வளைவுகளில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறங்கள், கேமராவைப் பையில் ஜிப் மூடியபடி அரைமணி நேரம் விடுங்கள். பூத்துவிட்டால் துடைக்கவோ லென்ஸைக் கழற்றவோ வேண்டாம்.

கேள்வி: யூவி ஃபில்டர் போட்டால் ஏற்காட்டுப் பனிமூட்டம் குறைந்து தெரியுமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: குறையாது. யூவி ஃபில்டர் தடுப்பது புற ஊதாக் கதிரை, மூட்டமோ நீர்த்துளி. படம் சாம்பல் பூத்து வந்தால் வெளிச்ச ஈடு (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 வைத்துப் பாருங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடினால் கிட்டத்திலுள்ள சில்வர் ஓக் மரத்தின் தண்டு விளிம்பில் பிடியுங்கள். மழை நின்றதும் காப்பி இலைகளின் மினுக்கத்தைக் குறைத்துப் பச்சையைக் காட்டப் போலரைசர் உதவும். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). பழைய 18-55 லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன் கண்ணாடி சுழலும் என்பதால், முதலில் ஃபோகஸ் பிடித்துவிட்டு அப்புறம் போலரைசரைத் திருப்புங்கள்.