ஜெர்மன் சோதனை ஜெட்கள் எங்கே போயின? கேள்வி பதில்

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ஜெட் முன்மாதிரிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், உலகின் முதல் ஜெட் விமானமான ஹைன்கல் 178 எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

இப்போது எதிலும் இல்லை. 1939 ஆகஸ்ட் 27 அன்று ரோஸ்டாக் அருகே எரிக் வார்சிட்ஸ் ஓட்டிய அந்த விமானத்தை, பிற்பாடு பெர்லின் விமான அருங்காட்சியகத்தில்தான் வைத்தார்கள். 1943 குண்டுவீச்சில் அதுவும் சேர்ந்து அழிந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த இடமே அதற்கு எமனாகிவிட்டது.

கேள்வி: மெஸ்ஸர்ஷ்மிட் 262 "வி083" என்று ஒரு படத்தின் கீழே போட்டிருந்தார்கள். 83 முன்மாதிரிகளா செய்தார்கள்?

இல்லை. பலரும் வழி தவறுவது இங்கேதான். "வி" என்றால் சோதனை விமானம். முதலில் வி1, வி2 என்று வரிசையாகத்தான் போனது. 1942 ஜூலை 18 அன்று லைப்ஹைமில் ஃப்ரிட்ஸ் வெண்டல் முழுக்க ஜெட் விசையில் பறக்கவிட்டது வி3. அப்புறம் தொழிற்சாலையில் உற்பத்தியான விமானங்களையே சோதனைக்கு எடுத்தபோது, தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை "வி"யோடு சேர்த்துவிட்டார்கள். 170083 என்ற விமானம் இப்படித்தான் வி083 ஆனது. போதாக்குறைக்கு, நொறுங்கிப்போன விமானத்தின் வி எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்ததும் உண்டு. அதனால் "வி2 விழுந்தது" என்று எங்காவது படித்தால், எந்த வி2 என்று முதலில் கேளுங்கள். தொடர் எண் கிடைக்காதவரை எந்தத் தகவலையும் நான் பென்சிலில்தான் குறித்துக்கொள்வேன்.

அந்த வி083 மூக்கில் 50 மி.மீ. பீரங்கியைச் சுமந்த விமானம். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கைக்கு வந்தது. 1945இல் செர்பூர் துறைமுகத்துக்கு ஓட்டிச் செல்லும் வழியில் என்ஜின் பழுதாகி விழுந்தது. ஓட்டிய ஜெர்மானியர் லுட்விக் ஹோஃப்மன் பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அதோடு பிடிபட்ட மற்ற 262 விமானங்கள் அந்த ஜூலையில் ரீப்பர் என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன.

கேள்வி: அண்ணா, ராடாரில் சிக்காத ஹோர்ட்டன் 229ஐ அமெரிக்கா மறைத்து வைத்திருக்கிறதாமே?

மறைக்கவெல்லாம் இல்லை தம்பி. வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அது வி3, ஒருநாளும் பறக்காதது. 1945 ஏப்ரலில் ஃப்ரீட்ரிக்ரோடாவில் பாதி வேலை முடிந்த நிலையில் சிக்கியது. ஜெட் விசையில் பறந்தது வி2தான். அதுவும் 1945 பிப்ரவரி 18 அன்று ஒரு என்ஜின் நின்றுபோய் விழுந்ததில் விமானி எர்வின் சில்லர் இறந்தார். ராடார் கதை, அதை வடிவமைத்த சகோதரர்களில் ஒருவரான ரைமர் ஹோர்ட்டன் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னது. போர்க்கால ஆவணம் ஒன்றைக் காட்டினால் நம்புகிறேன்.

கேள்வி: இறக்கை முன்னோக்கிச் சாய்ந்த யுங்கர்ஸ் 287ஐ ரஷ்யர்கள் எடுத்துப் போனார்களா?

முதல் விமானம் பிறக்கும்போதே ஒட்டுப்போட்டது. உடல் ஹைன்கல் 177 உடையது, வால் யுங்கர்ஸ் 388 உடையது, முன் சக்கரங்கள் சுட்டு வீழ்த்திய அமெரிக்க பி-24 விமானத்தில் கழற்றியவை! 1944 ஆகஸ்ட் 8 அன்று பிராண்டிஸில் பறந்தது. ரஷ்யர்கள் கொண்டுபோனது அடுத்த விமானங்களுக்கான பாகங்களையும் பொறியாளர்களையும்தான். 1946 அக்டோபரில் அந்தப் பொறியாளர்களை ரஷ்யாவின் போட்பெரேஸ்யேவில் குடியேற்றினார்கள். அந்தப் பாகங்களைக் கொண்டு உருவான இஎஃப் 131, 1947 மே மாதம் பறந்தது. வடிவமைப்பாளர் ஹான்ஸ் வோக்கே பின்னாளில் மேற்கு ஜெர்மனியில் அதே பாணி இறக்கையை ஹான்ஸா ஜெட் என்ற சிறு பயணிகள் விமானத்தில் வைத்தார். 1964இல் அது பறந்தது.

கேள்வி: மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101தான் அமெரிக்காவின் எக்ஸ்-5 ஆனதா?

அதே விமானம் இல்லை. 1945இல் ஓபராம்மர்காவில் முடிக்கப்படாமல் கிடைத்ததை, பஃபலோவில் பெல் கம்பெனிக்குக் கொண்டுபோனார்கள். அதன் இறக்கைச் சாய்வைத் தரையில்தான் மாற்ற முடியும். 1951இல் பறந்த எக்ஸ்-5, பறக்கும்போதே மாற்றியது. பி.1101 ஒருமுறையும் பறக்காமல், கடைசியில் காயலான் கடைச் சரக்கானது.