திருட்டு முழியா, தொங்கிய முகமா?

ஹட்டன் நண்பருக்கு, ஆங்கிலத்தின் 'ஹேங்டாக்' (hangdog) பார்வையை உங்கள் தேயிலைத் தோட்டக் கதையில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். 'நாய்ப் பார்வை' வேண்டவே வேண்டாம், வாசகர் சிரித்துவிடுவார். 17ஆம் நூற்றாண்டில் இழிந்தவனைக் குறித்த அந்த ஆங்கிலச் சொல், இன்று குற்ற உணர்வும் சோர்வும் கலந்த முகத்தைச் சொல்கிறது. 'திருட்டு முழி'யும் ஒட்டாது. அதில் கண் அலைபாயும், சோர்வு இராது. கொழுந்தோடு முற்றல் இலை கலந்து பிடிபட்டவள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மேற்பார்வை பார்க்கும் கங்காணி முன் நிற்கிறாளே, அங்கே 'முகம் தொங்க, கூனிக்குறுகி நின்றாள்' என்று எழுதுங்கள். ஆனால் மாலையில் வெறுங்கூடையோடு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்புகிறவர்களுக்கும் அதே பார்வையைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? அது வெறும் களைப்பு. 'வாடிய முகம்' போதும்.