தமிழ்க் கையெழுத்து அறிதல் பற்றிய என் கட்டுரையை ‘பேட்டர்ன் ரெகக்னிஷன்’ இதழுக்கு அனுப்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், தனித்தனித் தமிழ் எழுத்துகளைக் கையெழுத்திலிருந்து இனங்காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றை உருவாக்கி, எச்.பி. ஆய்வகத்தின் தரவுத்தொகுப்பில் 97 விழுக்காட்டுக்கு மேல் துல்லியம் பெற்றிருக்கிறீர்கள். இதைப் ‘பேட்டர்ன் ரெகக்னிஷன்’ இதழுக்கு அனுப்பலாமா, அனுப்பினால் என்ன கேட்பார்கள், எவ்வளவு காலம் ஆகும், பணம் கட்ட வேண்டுமா என்று அறிய விரும்புகிறீர்கள்.

இப்போதைய நிலையில் அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். இத்துறையின் இதழ்களில் கட்டுரை எழுதுபவனாகவும், பிறகு மதிப்பாய்வு செய்பவனாகவும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், உங்கள் கேள்வியில் துல்லிய எண் இருக்கிறதே தவிர, அந்த எண் எதை நிறுவுகிறது என்பது இல்லை. இதழுக்கு அனுப்பப்படுவது எண்ணைத் தாங்கி நிற்கும் ஒரு வாதம் என்பதால், முதலில் அந்த வாதத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் பயன்படுத்திய தொகுப்பில் 156 குறிகள் உள்ளன. தமிழின் 247 எழுத்துகளையும் சில கிரந்த எழுத்துகளையும் எழுத இவை போதும், ஏனெனில் ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனிக் குறிகளாகவே கணக்கில் வருகின்றன. ஒவ்வொரு குறிக்கும் ஏறத்தாழ 500 மாதிரிகள், பெங்களூரிலும் சேலத்திலும் உள்ள தமிழர்களிடமிருந்து, பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பலரிடம், மின்பேனாவால் எழுதிப் பெறப்பட்டவை. 2006இல் பிரான்சின் லா போல் நகரில் நடந்த கையெழுத்து அறிதல் பயிலரங்கையொட்டி வைக்கப்பட்ட போட்டிக்கு இத்தொகுப்பே அடிப்படை. ஒரே நபர் எல்லாக் குறிகளையும், சிலவற்றைப் பலமுறையும் எழுதியிருப்பார் என்பதை இங்கே மறக்கக் கூடாது. மாதிரிகளை யெல்லாம் ஒன்றாகக் குலுக்கிப் பத்தில் எட்டுப் பங்கைப் பயிற்சிக்கும் இரண்டு பங்கைச் சோதனைக்கும் நீங்கள் பிரித்திருந்தால், சோதனையில் வரும் ‘ழி’யை எழுதிய அதே கையின் இன்னொரு ‘ழி’யை உங்கள் வலையமைப்பு பயிற்சியிலேயே பார்த்திருக்கும்.

இதே தவற்றை நானும் செய்தேன். என் முதல் கட்டுரைக்கு வந்த மூன்று மதிப்பாய்வுகளில் இரண்டு நீளமானவை, அவற்றுக்குப் பதில் எழுதுவதும் எளிதாக இருந்தது. மூன்றாவது ஒரே வரி: பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் ஒரே நபரின் கையெழுத்து இருக்கிறதா? எழுதியவர் வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, துல்லியம் இறங்கியது மட்டுமல்லாமல், எந்த முறையைவிட என்னுடையது மேலானது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனோ அந்தப் பழைய முறையே என்னுடையதை முந்தியும் நின்றது. அந்தக் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஆகவே இந்தச் சோதனையை நீங்கள் இந்த வாரமே செய்துவிடுங்கள். மற்றவை அதற்குப் பின்னர்தான்.

இன்னொன்றும் உண்டு. அத்தொகுப்பில் கிடைக்கும் படக்கோப்புகள் தாளிலிருந்து ஸ்கேனரால் வருடியெடுத்தவை அல்ல. மின்பேனாவின் பாதைப் புள்ளிகளை இணைத்து, ஒரே சீரான தடிமன் கொடுத்து உருவாக்கியவை. மை பரவுதல், தாளின் கறை, வருடியின் இரைச்சல் எதுவும் அவற்றில் இல்லை. ‘பழைய ஆவணங்களை எண்ணிமப்படுத்த உதவும்’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு, இந்தப் படங்களில் மட்டும் சோதித்துக் காட்டும் கட்டுரைகள் என்னிடம் மதிப்பாய்வுக்கு வந்ததுண்டு. தொகுப்பை உருவாக்கியவர்களின் குறிப்பையே படிக்காமல் எழுதப்பட்டவை அவை என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இனி இதழைப் பற்றி. ‘பேட்டர்ன் ரெகக்னிஷன்’ 1968இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்த ராபர்ட் லெட்லி பல் மருத்துவம் படித்தவர். முழு உடலையும் படம்பிடிக்கும் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவரும் அவரே. பல துறைக்காரர்களும் வந்து போகும் இதழாக அது இருப்பதில் அந்தத் தொடக்கத்தின் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. இன்று எல்சவியர் நிறுவனம் அதை வெளியிடுகிறது. அதன் வாசகர் சீனாவில் முக அடையாளம் பற்றி ஆராய்பவராகவோ, இத்தாலியில் மருத்துவப் படங்களைப் பிரித்தறிபவராகவோ இருக்கலாம். தமிழ் எழுத்து அவருக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் முறையில் அவர் எடுத்துக்கொண்டு போகக்கூடியது என்ன என்ற கேள்விக்குக் கட்டுரையில் விடை இருக்க வேண்டும். உருவில் மிக நெருங்கிய பல வகுப்புகளைப் பிரிப்பதற்கு ஒரு புதிய வழி கண்டிருக்கிறீர்கள் என்றால், அதைத் தமிழோடு நிறுத்தாமல், கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவாக்கிய வங்க எழுத்துத் தொகுப்புகளிலும், ஆயிரக்கணக்கான வகுப்புகள் கொண்ட சீனக் கையெழுத்துகளின் காசியா தொகுப்பிலும் ஓட்டிக் காட்டினால் அது இவ்விதழுக்குரிய கட்டுரையாகும். ஏற்கெனவே உள்ள வலையமைப்பு ஒன்றைத் தமிழுக்குப் பொருத்தி நன்றாக வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் உங்கள் பணி என்றால், அதுவும் மதிப்புள்ள வேலைதான், ஆனால் அதன் இடம் வேறு. ஆவணப் பகுப்பாய்வுக்கென்றே ஸ்பிரிங்கர் 1998 முதல் நடத்தும் இதழ், ஆசிய மொழிகளையும் வளம் குறைந்த மொழிகளையும் சார்ந்த ஆய்வுகளை வெளியிடும் ஏ.சி.எம். அமைப்பின் இதழ், இந்திய அறிவியல் அகாதமியின் ‘சாதனா’ ஆகியவற்றைப் பாருங்கள். ‘பேட்டர்ன் ரெகக்னிஷன் லெட்டர்ஸ்’ பெயரால் நெருங்கியிருந்தாலும் தனி இதழ். 1982இல் தொடங்கியது, சுருக்கமான கட்டுரைகளை ஏற்பது.

உங்களுடையது எந்த வகை என்று தீர்மானிக்க, இதழின் கடந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளில் உங்கள் தலைப்புக்கு நெருங்கிய பத்துக் கட்டுரைகளையாவது முழுமையாகப் படியுங்கள். உங்கள் நிறுவனம் அரசு சார்ந்தது என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் வழியாக அவற்றைக் கட்டணமின்றிப் படிக்க வாய்ப்புண்டு, நூலகரைக் கேளுங்கள். அப்படித் தேடியும் மேற்கோள் காட்டத் தக்க ஒரு கட்டுரைகூட அந்த இதழில் அகப்படவில்லை என்றால், இடம் தவறிப் போயிருக்கிறீர்கள் என்று பொருள்.

அனுப்பியவுடன் கட்டுரை மதிப்பாய்வாளர்களிடம் போவதில்லை. முதலில் ஆசிரியரோ இணை ஆசிரியரோ பார்க்கிறார். கணிசமான கட்டுரைகள் அந்த மேசையிலிருந்தே திரும்புகின்றன. அவர் சுருக்கவுரையையும், முன்னுரையின் கடைசிப் பத்தியையும், ஒப்பீட்டு அட்டவணையையும், மேற்கோள் பட்டியலின் ஆண்டுகளையும்தான் முதலில் பார்ப்பார் என்று எண்ணி எழுதுங்கள். அட்டவணையில் நீங்கள் ஒப்பிட்டிருக்கும் மிகப் புதிய முறை ஐந்தாறு ஆண்டுப் பழையது என்றால் அவர் மேலே படிக்க வேண்டிய தேவை இல்லை. முகப்புக் கடிதத்தில் இதழைப் புகழ வேண்டாம். என்ன சிக்கல், என்ன புதிது, எதனால் இந்த வாசகருக்கு வேண்டும் என்று மூன்று நான்கு வாக்கியங்களில் சொன்னால் போதும். கட்டுரையின் ஒரு பகுதி மாநாட்டில் வந்திருந்தால் அதை அங்கேயே வெளிப்படையாகச் சொல்லி, இப்போது கூடுதலாக இருப்பது எது என்பதையும் குறிப்பிடுங்கள். ஒப்புமை காணும் மென்பொருள் எப்படியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சோதனைகளைப் பொறுத்தவரை, ஒரே ஓட்டத்தின் எண்ணைக் கொடுக்காமல், தொடக்க மதிப்புகளை மாற்றிக் குறைந்தது ஐந்து முறை ஓட்டிச் சராசரியும் திட்ட விலக்கமும் தாருங்கள். பல தொகுப்புகளில் பல முறைகளை ஒப்பிடும்போது ஃபிரீட்மன் சோதனை போன்ற புள்ளியியல் சோதனைகளைப் பயன்படுத்தும் வழக்கம், யானெஸ் டெம்ஷார் 2006இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாகிவிட்டது. மதிப்பாய்வாளர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள். உங்கள் முறையின் ஒவ்வோர் உறுப்பையும் நீக்கிவிட்டுப் பார்க்கும் அப்லேஷன் சோதனை இல்லாமல் இன்று எந்தக் கட்டுரையும் கரை சேர்வதில்லை. ஆனால் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி பிழை ஆய்வு. தமிழில் ‘எ’யும் ‘ஏ’யும், ‘ண’வும் ‘ன’வும் எங்கே குழம்புகின்றன, துணைக்காலும் ‘ர’வும் பலர் கையெழுத்தில் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகவே இருக்கும்போது தனி எழுத்தை மட்டும் பார்க்கும் ஒரு முறை எட்டக்கூடிய உச்சம் எது என்று ஒரு பக்கம் எழுதினால், தமிழ் அறியாத மதிப்பாய்வாளருக்கும் சிக்கலின் ஆழம் புரியும். அதை எழுத நம்மைவிட வாய்ப்பான இடத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

கோப்புகளை ஏற்றும் வேலை சலிப்பானது, கடினமானதன்று. எல்சவியரின் லேடெக்ஸ் (ஆவணம் வடிவமைக்கும் மென்பொருள்) வார்ப்புரு, ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குறிகளுக்குள் அடங்கும் மூன்று முதல் ஐந்து சிறப்புக் குறிப்புகள், நலன் முரண் பற்றிய அறிவிப்பு, கட்டுரையாளர்களில் யார் எந்தப் பணியைச் செய்தார் என்ற விவரம், எழுதுவதில் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்பட்டிருந்தால் அதுபற்றிய வாக்குமூலம் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். பக்க வரம்பை நண்பர்களிடம் கேட்காமல், அனுப்பும் நாளில் இதழின் கட்டுரையாளர் வழிகாட்டியில் உள்ளபடி பாருங்கள். இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். ஆர்க்கைவ் தளத்தில் முன்வெளியீடு இடுவதற்கு மட்டும் தடையில்லை. பெயர் வரிசையை நெறியாளருடன் பேசி முடித்துவிட்டு ஏற்றுங்கள், ஏனெனில் அனுப்பிய பிறகு பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் எல்லோரையும் சங்கடப்படுத்தும்.

பணம் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. இது கலப்பு முறை இதழ்; சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரைக் கட்டணம் எதுவும் இல்லை, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி திறந்து வெளியிட விரும்பினால் மட்டுமே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். ‘மூன்றே நாளில் ஏற்பு’ என்று மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்கும் இதழ்கள் இந்த வரிசையில் சேராதவை. பெயரில் ‘பேட்டர்ன்’ என்ற சொல் இருந்தாலும்கூட.

காலம் பற்றிக் கேட்டீர்கள். என் கட்டுரைகளில் ஒன்றுக்கு முதல் சுற்று ஏழு மாதம் எடுத்தது, இன்னொன்று ஒன்பதாம் நாளே திரும்பியது. ‘ஆசிரியரிடம் உள்ளது’ என்ற நிலை வாரக்கணக்கில் மாறாமலிருந்தால், பெரும்பாலும் மதிப்பாய்வாளர் அகப்படாமல் இணை ஆசிரியர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். நான்கு மாதம் கழிந்தபின் பணிவாக ஒரு வரி கேட்பதில் தவறில்லை. பட்டத்துக்கான ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதியை நம்பி இதழைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலர் கடைசியில் அவசரப்பட்டுத் தரமற்ற இதழில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆகையால் இரண்டாம் ஆண்டிலேயே இதைக் கேட்டது நல்லதாயிற்று.

‘பெருந்திருத்தம்’ என்று பதில் வந்தால் அன்று இரவு எதுவும் எழுதாதீர்கள். மறுநாள், மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் முழுமையாக எடுத்தெழுதி, அதன் கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் செய்தீர்கள் என்று குறிப்பிடுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றும் இடங்களில், பெரும்பாலும் நம் வாக்கியமே அப்படிப் புரியும்படி எழுதப்பட்டிருக்கும். விளக்கத்தைக் கடிதத்தில் மட்டும் தராமல் கட்டுரையிலும் திருத்துங்கள். ஒப்புக்கொள்ள முடியாததைக் காரணத்தோடு மறுக்கலாம், ஒரு சோதனையை நடத்த இயலாது என்றால் அதையும் சொல்லலாம். பொருளோடு தொடர்பில்லாத ஏழெட்டுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி, அவையெல்லாம் ஒரே நபர் எழுதியவையாக இருந்தால், சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. அதை ஆசிரியருக்குத் தனியே தெரிவிக்க இடமுண்டு.

சிறிய செய்தி ஒன்று, ஆனால் எனக்கு இழப்பை ஏற்படுத்தியது. கட்டுரை பற்றித் தொடர்புகொள்ள வேண்டியவராக உங்கள் பெயரைப் போடும்போது, படிப்பு முடிந்ததும் மூடப்பட்டுவிடும் கல்லூரி மின்னஞ்சலை மட்டும் கொடுக்காதீர்கள். என் கட்டுரையைப் படித்த ஒருவர் நிரலைக் கேட்டு எழுதிய மடல்கள் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தன என்பதை, இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாநாட்டில் அவரே என்னிடம் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் அவர் வேறொரு முறையை எழுதி வெளியிட்டும் விட்டார்.