கிழப்பெட்டையும் நாலு விடலைச் சேவல்களும்

கோழி வளர்ப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடி மாதம் எங்கள் பெரிய சேவலை விற்றுவிட்டோம். இப்போது 7 பெட்டைகளும், ஒரே ஈட்டில் பொரித்த 4 விடலைச் சேவல்களும் இருக்கின்றன. சேவல்களுக்கு ஐந்து மாதம் ஆகிறது. ஆறு வயதான சிறுவிடைப் (சிறிய உடலுள்ள நாட்டுக்கோழி) பெட்டை ஒன்றை மட்டும் நாலும் மாறி மாறி விரட்டி மிதிக்கின்றன (இணைசேர முதுகில் ஏறுகின்றன). முதுகில் இறகு போய்த் தோல் தெரிகிறது. கூண்டை விட்டு இறங்கவே பயப்படுகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, உடுமலை)

பதில்: 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். உங்களிடம் 7 பெட்டைக்கு நாலு சேவல். தொந்தரவு இங்கேதான் தொடங்குகிறது. பெரிய சேவல் இருந்தவரை விடலைகளைப் பெட்டைகள் பக்கம் அண்ட விட்டிருக்காது. அது போனதும் நாலும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. இளம்பெட்டைகள் ஓடித் தப்பிக்கும், கிளையில் ஏறிக்கொள்ளும். கிழப்பெட்டையால் முடியாது, அப்படியே உட்கார்ந்துவிடும். சேவலுக்கு அது போதும்.

முதலில் பெட்டையை இன்றைக்கே தனியே எடுங்கள். மடியில் வைத்து இரண்டு இறக்கையையும் தூக்கிப் பாருங்கள். முதுகுக் காயம் கண்ணில் பட்டுவிடும்; விலாவில் இருப்பது படாது. விடலைச் சேவலுக்கு முதுகில் நிலையாக நிற்கத் தெரியாது. சறுக்கும்போது நகம் விலாத்தோலைக் கிழித்துவிடும், மேலே இறகு மூடிக்கொள்ளும். கெட்ட வாடை வந்த பிறகுதான் பலரும் கவனிக்கிறார்கள். அதற்குள் ஈ மொய்த்துப் புழு வைத்திருக்கும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினை பால் விடாத வெளிறிய தேநீர் நிறம் வருமளவு நீர்க்க வைத்துத் தடவுங்கள். காயத்தைச் சுற்றி (காயத்துக்குள் அல்ல) வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசினால் ஈ அண்டாது. காலை, மாலை இரண்டு வேளையும் செய்யவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது சில ஊர்களில் வழக்கம், அது தோலை வேகவைத்துவிடும். மனிதருக்கான மரத்துப்போகும் களிம்புகளும் கோழிக்கு ஆபத்து. தோல் கிழிந்து உள்சதை தெரிந்தாலோ, புழு இருந்தாலோ கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

எங்கே அடைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பெட்டையைப் பின்கட்டு அறையில் இரண்டு வாரம் வைத்திருந்து திரும்ப விட்டால், மற்ற பெட்டைகளே அதைப் புதுக்கோழியாக நினைத்துக் கொத்தும். கூட்டத்தின் கண்ணில் படும்படி, நிழலில், 3 அடிக்கு 4 அடி வலைக்கூண்டு வையுங்கள். பஞ்சாரம் (கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை) ஓரிரு நாளுக்குச் சரி, நாள்கணக்கில் வேண்டாம். மூங்கில் இடைவெளி வழியே சேவல் கொண்டையைக் கொத்தும், வெயில் நாளில் உள்ளே புழுங்கும். கூண்டுக்குள் ஒரு அடி உயரத்தில், 2 அங்குலக் கனமுள்ள கட்டை ஒன்று போதும். உயரமாக வைத்தால் கிழக்கோழி குதித்து இறங்கும்போது பாதத்தில் அடிபட்டு வீங்கும்.

அடுத்து சேவல்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றைக் கழித்துவிடுங்கள். இரை கண்டால் ‘கொக் கொக்’ என்று பெட்டையைக் கூப்பிட்டுத் தின்னவிடுகிறதா, ஒரு இறக்கையைத் தாழ்த்திச் சுற்றிவந்து பிறகு மிதிக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் செய்வதை வைத்துக்கொள்ளலாம். துரத்திப் பிடரியைக் கவ்வி இழுப்பது எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வேண்டாம். விற்க மனமில்லையென்றால் மூன்றையும் பெட்டைகள் கண்ணில் படாத தனிப் பட்டியில், தலைக்கு 4 சதுர அடிக்குக் குறையாமல் விடுங்கள். ஒன்றாக வளர்ந்தவை, பெட்டை கண்ணில் படாதவரை பெரிதாகச் சண்டையிடுவதில்லை. வைத்துக்கொள்ளும் சேவலின் நக நுனியை 2 மில்லிமீட்டர் அளவு வெட்டி, அரத்தால் மழுக்குங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ரத்தநாளம் தெரியும், அதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். ரத்தம் வந்தால் படிகாரத்தூள் வைத்து அழுத்துங்கள்.

கேள்வி: முதுகுக்குத் துணிச்சட்டை போட்டால் போதாதா? (அதே வாசகி)

பதில்: காயம் ஆறிய பிறகு உதவும், நாலு சேவலுக்கு மத்தியில் சட்டை போட்டும் பயனில்லை. முதுகை மிதிப்பதிலிருந்துதான் அது காக்கும். பிடரியும் கொண்டையும் விலாவும் வெளியில்தான் இருக்கும். பழைய ஜீன்ஸ் துணியில், கழுத்தடியிலிருந்து வால் அடிவரை அளந்து வெட்டுங்கள். ஒன்றரைக் கிலோச் சிறுவிடைக்கு ஏறக்குறைய 18 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் வரும். இரண்டு ஓரத்திலும் எலாஸ்டிக் வளையம் தைத்து இறக்கைகளை நுழையுங்கள். வளையத்துக்குள் இரண்டு விரல் போகவேண்டும், இல்லாவிட்டால் இறக்கை அடியில் அறுக்கும். புண்மேல் ஒருபோதும் போடாதீர்கள். வாரம் ஒருமுறை கழற்றிப் பேன் இருக்கிறதா பாருங்கள். சித்திரை வெயிலில் சட்டையைத் தவிர்ப்பதே நல்லது.

வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். ஒடிந்து தண்டு மட்டும் நின்றால், அடுத்த இறகு உதிர்ப்பு வரை வராது. பொறுமையிழந்து தண்டைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனமே போடுகிறோம். கிழக்கோழிக்கு அது சரியா? (வாசகர், தாராபுரம்)

பதில்: சரியில்லை. அதில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3.5 சதவீதம். முட்டையிடாத சேவலுக்கும், எப்போதாவது இடும் கிழப்பெட்டைக்கும் மிகுந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனம் கொடுத்து, கிளிஞ்சல் தூளைத் தனித் தொட்டாங்கச்சியில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தேவைக்குத் தின்றுகொள்ளும். கிழக்கோழிக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் தீவனம் போதும், மேய்ச்சல் இருந்தால் இன்னும் குறைவு. தீவனத் தட்டும் தண்ணீரும் இரண்டு இடத்தில், 6 அடி தள்ளி இருக்கட்டும். ஒரே தட்டு என்றால் வலுவில்லாதது பட்டினிதான்.

கேள்வி: சேவலே இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடுமா? (வாசகி, ஓமலூர்)

பதில்: இடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: சேவலின் அலகை மழுக்கினால் விரட்டுவது நிற்குமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: நிற்காது. மிதிப்பதற்குக் காலும் எடையும் போதும், அலகு பிடித்துக்கொள்ள மட்டுமே. அலகு போனால் மேய்ச்சலில் புழு பூச்சி பொறுக்கித் தின்ன முடியாமல் சேவல் இளைக்கும்.

கேள்வி: காயம் ஆறிய பெட்டையைக் கூட்டத்தில் எப்படிச் சேர்ப்பது? (வாசகர், மணப்பாறை)

பதில்: அடையும் நேரத்துக்குப் பிறகு, இருட்டில் மற்ற பெட்டைகளுக்கு நடுவே வைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சேவலைத் தனியே அடைத்து, பெட்டைகளோடு மட்டும் பழகவிடுங்கள். பிறகு சேவலை விடும்போது காலையில் பெட்டைகளை முதலில் திறந்து, சேவலை அரைமணி கழித்து விடுங்கள். திறந்தவுடன்தான் அதன் வேகம் அதிகம். முற்றத்தில் சுவரோரம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் பெட்டை பதுங்க இடம் கிடைக்கும். ஆனால் பலகைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கவேண்டும். ஒரு பக்கம் அடைபட்டால் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு மிதிபடும்.